பிஐடி கோப்பில் இருக்கும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஒரு புரோகிராமை நோஹப் (நீங்கள் வெளியேறினாலும் அதைச் சாகாமல் ஓடவைக்கும் கட்டளை) போட்டு, வரியின் கடைசியில் & வைத்துப் பின்னணியில் ஓடவிடுகிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமுக்கும், அதாவது ப்ராசஸுக்கும், இயக்க முறைமையின் மையமான கெர்னல் ஓர் எண் கொடுக்கும், அதுதான் பிஐடி. அதை ஷெல்லின் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் புரோகிராம்) $! மூலம் வாங்கி ஒரு கோப்பில் எழுதிவைக்கிறீர்கள், அதுதான் பிஐடி கோப்பு. நிறுத்த வேண்டியபோது அந்தக் கோப்பைப் படித்து கில் (ப்ராசஸுக்கு சிக்னல், அதாவது ஒரு சிறு அறிவிப்பு, அனுப்பும் கட்டளை) கொடுக்கிறீர்கள். பெரும்பாலும் ஒழுங்காக நடக்கிறது. ஆனால் சில நாள் ‘ஏற்கனவே ஓடுகிறது’ என்று ஸ்கிரிப்ட் அடம்பிடிக்கிறது, போய்ப் பார்த்தால் எதுவும் ஓடவில்லை. ஒரு நாள் சம்பந்தமே இல்லாத வேறொரு ப்ராசஸ் செத்துப்போனது. பிஐடி கோப்பை எங்கே எழுதுவது, எப்படி எழுதுவது என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: நேற்று எழுதிவைத்த எண் இன்றைக்கும் அதே புரோகிராமைத்தான் குறிக்கிறதா? கோப்பை எவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினாலும் இதற்குக் கோப்பால் மட்டும் பதில் சொல்ல முடியாது. லினக்ஸ் சர்வர்களைப் பல வருடம் பராமரித்த அனுபவத்தில் எழுதுகிறேன். மற்ற யூனிக்ஸ்களில் நிறைய வேலை பார்த்தவன் இல்லை என்பதால், கீழே வருவதில் பெரும்பகுதி லினக்ஸ்தான்.

பிஐடி என்பது விடுதி அறை எண் மாதிரி. 212-ஆம் அறையில் இருந்தவர் காலி செய்துவிட்டுப் போனால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். 212 என்று நீங்கள் குறித்துவைத்திருக்கும் சீட்டுக்கு அந்தச் சேதி வராது. லினக்ஸ் எண்களை வரிசையாக ஏற்றிக்கொண்டே போய், உச்சவரம்பைத் தொட்டதும் 300-க்குத் திரும்பி, காலியாக இருக்கும் எண்களை மறுபடி கொடுக்கத் தொடங்கும். அந்த வரம்பு பல காலம் 32768 ஆகவே இருந்தது. 64-பிட் இயந்திரங்களில் 4194304 வரை உயர்த்தலாம். சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி 2019-இல் வந்த 243-ஆம் பதிப்பிலிருந்து தானே அப்படி உயர்த்திவைக்கிறது. உங்கள் இயந்திரத்தில் என்ன வரம்பு என்பது /ப்ராக்/சிஸ்/கெர்னல்/பிட்_மேக்ஸ் கோப்பில் இருக்கும். ஷெல் ஸ்கிரிப்ட்கள் நிறைய ஓடும் இடத்தில் 32768 எல்லாம் எந்த மூலைக்கு? கிரெப், கேட் மாதிரி அதற்குள் வரும் ஒவ்வொரு சின்னக் கட்டளையும் ஒரு எண்ணைத் தின்கிறது. விநாடிக்கு 5 ப்ராசஸ் பிறந்தாலே இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். ஓப்பன்பிஎஸ்டி எண்களை வரிசையாகக் கொடுக்காமல் குலுக்கிப்போட்டுக் கொடுக்கிறது. அங்கே சுற்று முடியும்வரை நேரம் இருக்கிறது என்ற கணக்கும் செல்லாது.

இது எனக்கே ஒரு தடவை வினையாக வந்தது. நான் பார்த்துக்கொண்ட ஒரு சர்வரில் பதிவுகளைச் சேகரிக்கும் டீமன் (பின்னணியிலேயே ஓடும் சேவைப் புரோகிராம்) ஒன்று ஓடியது. இரவு 2 மணிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுந்து, பழைய பதிவுக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, டீமனின் பிஐடி கோப்பைப் படித்து ஹப் சிக்னல் அனுப்பும். டீமன் புதுக் கோப்பைத் திறந்துகொள்ளும். ஒரு நாள் நினைவகம் போதாமல் கெர்னல் அந்த டீமனைக் கொன்றுவிட்டது. அப்படிச் சாகும் ப்ராசஸுக்குத் தன் கோப்பை அழித்துவிட்டுப் போக அவகாசமே கிடையாது. 18342 என்ற எண்ணோடு கோப்பு அப்படியே கிடந்தது. நாலு இரவு ஸ்கிரிப்ட் இல்லாத ப்ராசஸுக்கு ஹப் அனுப்பி, வந்த பிழைச் செய்தியை, எதைப் போட்டாலும் விழுங்கிவிடும் /டெவ்/நல்லில் கொட்டிக்கொண்டிருந்தது (அந்தத் திருப்பிவிடலை எழுதிவைத்த புண்ணியவான் நான்தான்). ஐந்தாம் இரவு 18342 பேக்கப் எடுக்கும் ப்ராசஸுக்குக் கிடைத்திருந்தது. ஹப் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று தனியாக ஏற்பாடு செய்துகொள்ளாத புரோகிராம் அந்த சிக்னலில் செத்துப்போகும், பேக்கப்பும் செத்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு கோப்பை மீட்கப் போனபோதுதான் அந்த இரவின் பேக்கப் பாதியில் அறுந்திருப்பது தெரிந்தது. உங்களுக்குச் செத்த ‘சம்பந்தமே இல்லாத ப்ராசஸ்’ கதையும் இதே ரகம் என்றுதான் நினைக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தச் சீட்டு எழுதும் வழக்கம் ஏன் வந்தது என்று புரிந்தால் அதன் பலவீனமும் புரிந்துவிடும். யூனிக்ஸில் ஒரு ப்ராசஸின் எண்ணைச் சந்தேகமில்லாமல் அறிந்தவர் ஒருவர்தான்: அதைப் பெற்ற தாய் ப்ராசஸ். பிள்ளை செத்தாலும், தாய் வெயிட் என்ற அழைப்பின் மூலம் அந்தச் சாவைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்வரை அந்த எண்ணைக் கெர்னல் வேறு யாருக்கும் கொடுக்காது. ஜாம்பி என்று பட்டியலில் தெரிவது அந்த இடைப்பட்ட நிலைதான். ஆக, தாய் தன் பிள்ளையின் எண்ணுக்கு சிக்னல் அனுப்பினால் அது ஆள் மாறிப் போக வழியே இல்லை. பழைய டீமன்களோ, முனையத்திலிருந்து முழுக்கப் பிரிந்து போவதற்காக இரண்டு தடவை ஃபோர்க் செய்து (தன்னைப் போலவே ஒரு பிள்ளை ப்ராசஸை உண்டாக்கி), தாயையும் பாட்டியையும் வேண்டுமென்றே சாகவிட்டு, இயந்திரத்தின் முதல் ப்ராசஸான இனிட்டின் தத்துப்பிள்ளையாக ஆகிவிடும். எண்ணை அறிந்த ஒரே ஆளும் போயாயிற்று. பிற்பாடு நிறுத்தப் போகிறவனுக்கு ஏதாவது தடயம் வேண்டுமே என்று எழுதிவைத்த சீட்டுதான் பிஐடி கோப்பு.

சரி, உங்கள் ஸ்கிரிப்டுக்கு வருவோம். $! என்பது ஷெல் கடைசியாகப் பின்னணிக்கு அனுப்பியதன் எண். அது உங்கள் புரோகிராமின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ‘புரோகிராம் | டீ பதிவு &’ என்று எழுதினால் $! தருவது குழாயின் கடைசியில் நின்று வெளியீட்டைக் கோப்பில் நகலெடுக்கும் டீயின் எண். நிர்வாகி (ரூட்) உரிமை தரும் சூடோ போட்டு ஓட்டினால் சூடோவின் எண். அடைப்புக்குறிக்குள் சிடி கொடுத்து அடைவு மாறிவிட்டு ஓட்டினால் இடையில் நிற்கும் துணை ஷெல்லின் எண் வரக்கூடும். அங்கே புரோகிராமுக்கு முன்னால் எக்ஸெக் என்று சேர்த்தால், ஷெல் தன் இடத்தையே புரோகிராமுக்கு விட்டுக்கொடுத்துவிடும், எண் மாறாது. நோஹப்பும் இப்படித்தான் தன்னை மாற்றிக்கொள்கிறது, அதனால் அதில் வம்பில்லை. புரோகிராமே தனக்குள் ஃபோர்க் செய்து டீமனாக மாறும் வகை என்றால் $! தந்த எண் சில மில்லி விநாடியில் செத்த எண். அந்த வகையில் ‘முன்னணியிலேயே ஓடு’ என்று சொல்லும் ஆப்ஷன் அநேகமாக இருக்கும். இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அது தானே எழுதும் பிஐடி கோப்பைத்தான் நம்பவேண்டும். $$ பற்றியும் ஒன்று: துணை ஷெல்லுக்குள் போனாலும் அது மூல ஷெல்லின் எண்ணையே காட்டும். பேஷில் உண்மையான எண் வேண்டுமென்றால் அதற்குத் தனியாக பேஷ்பிட் என்ற மாறி இருக்கிறது.

எங்கே எழுதுவது என்பதற்கு எழுதப்பட்ட விதியே இருக்கிறது. கோப்பு முறைமைப் படிநிலைத் தரம் முன்பு /வார்/ரன் என்றது. 2015-இல் வந்த அதன் 3.0 பதிப்பு /ரன் என்கிறது. புரோகிராமின் பெயர், பிறகு .பிட் என்ற பின்னொட்டு. உள்ளே பிஐடி தசம எண்ணாக, பிறகு ஒரு வரி முடிவு. கிரான் டீமனின் எண் 25 என்றால் கோப்பில் 2, 5, வரி முடிவு என்று மூன்றே எழுத்துகள் இருக்கும் என்று தரமே உதாரணம் சொல்கிறது. /ரன் நினைவகத்தில் இருக்கும் அடைவு என்பதால் இயந்திரத்தை மறுபடி தொடங்கினால் காலியாகிவிடும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம், ஆனால் முக்கியம். இயந்திரம் எழும்போது சேவைகள் கிட்டத்தட்ட ஒரே வரிசையில்தான் தொடங்கும், அதனால் ஒவ்வொரு தடவையும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட அதே எண்கள்தான் கிடைக்கும். வட்டில் தங்கிவிட்ட பழைய பிஐடி கோப்பிலுள்ள எண் வேறொரு சேவைக்குப் போயிருக்க அப்போதுதான் வாய்ப்பு மிக அதிகம். உங்கள் கோப்பு வீட்டு அடைவில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ‘ஏற்கனவே ஓடுகிறது’ புகார் இயந்திரம் மறுபடி தொடங்கிய நாட்களில் வந்ததா என்று பாருங்கள். ரூட் உரிமை இல்லாதவர்களுக்கு /ரன்/யூசர் என்பதன் கீழ் அவரவர் பயனர் எண்ணில் ஓர் அடைவு கிடைக்கும். ஆனால் உங்கள் கடைசி அமர்வும் முடிந்து நீங்கள் வெளியேறினால் அது அழிந்துவிடும். நோஹப்பில் ஓடும் புரோகிராம் உயிரோடு இருக்கும், அதன் கோப்பு மட்டும் காணாமல் போயிருக்கும்.

அடுத்தது, உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லாரும் சொல்வது கில் -0. இது சிக்னல் எதுவும் அனுப்பாது. அனுப்ப முடியுமா என்று மட்டும் பார்க்கும். இதில் மூன்று ஓட்டை உண்டு. அந்த எண்ணில் யாரோ இருக்கிறார் என்றுதான் சொல்லும், அவர் உங்கள் ஆள்தானா என்று சொல்லாது. ஜாம்பிக்கும் ‘இருக்கிறது’ என்றே சொல்லும். அப்புறம், வேறொரு பயனரின் ப்ராசஸ் என்றால் அனுமதி இல்லை என்று தோற்கும். அப்படி ஒரு ப்ராசஸே இல்லை என்றாலும் தோற்கும். ஷெல்லில் இரண்டுக்கும் திரும்பி வரும் மதிப்பு ஒன்றுதான். ரூட்டாக ஓடும் டீமனைச் சாதாரணப் பயனராகச் சோதித்துவிட்டு ‘ஓடவில்லை’ என்று முடிவு கட்டி, மேலே இன்னொன்றைத் தொடங்கிய ஸ்கிரிப்ட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கோப்பே வேண்டாம், பிகிரெப் -எஃப் போட்டுத் தேடலாமே என்று யாராவது சொல்வார்கள். அது கட்டளை வரி முழுவதிலும் தேடும். அந்தப் பெயர் கொண்ட அமைப்புக் கோப்பை விஐ என்ற உரை எடிட்டரில் ஒருவர் திறந்து வைத்திருந்தால் அவருடைய விஐ-யும் பிடிபடும், தேடிக் கொல்லும் பிகில் என்றால் செத்தே போகும். முழு வரியைத் தேடாமல் பெயரை மட்டும் தேடச் சொன்னாலோ, லினக்ஸ் அந்தப் பெயரில் முதல் 15 எழுத்தைத்தான் வைத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்னபிறகு நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது: உயிரோடு இருக்கிறதா என்பதை எண்ணை வைத்து முடிவுசெய்யாதீர்கள், பூட்டை வைத்து முடிவுசெய்யுங்கள். கோப்பின் மேல் ஃப்ளாக் பூட்டு (ஒரு நேரத்தில் ஒருவரே பிடிக்கக்கூடியது) போட்டால், அதைப் பிடித்திருக்கும் ப்ராசஸ் எப்படிச் செத்தாலும், கில் -9 ஆனாலும் நினைவகம் தீர்ந்து செத்தாலும், கெர்னல் அந்தக் கணமே பூட்டைத் திறந்துவிடும். கோப்பு கிடக்கலாம், அதிலுள்ள எண் பழையதாக இருக்கலாம், பூட்டு மட்டும் பொய் சொல்லாது. நான்கு வரி போதும். முதல் வரி: எக்ஸெக் 9>>கோப்பு. இரண்டாவது: ஃப்ளாக் -என் 9 || எக்ஸிட் 1. மூன்றாவது: எக்கோ $$ >கோப்பு. நான்காவது: எக்ஸெக் புரோகிராம். இந்த ஸ்கிரிப்டை நீங்கள் & போட்டுப் பின்னணிக்கு அனுப்புங்கள். கடைசி எக்ஸெக்கில் ஷெல் புரோகிராமாக மாறுவதால் எழுதிய எண்ணும் சரியாக இருக்கும், 9-ஆம் எண்ணில் திறந்த கோப்பும் அதன் பூட்டும் புரோகிராமோடு கூடவே போகும். பேஷிலும் டேஷிலும் இப்படித்தான். கார்ன் ஷெல் 2-க்கு மேற்பட்ட எண்களை எக்ஸெக்கின்போது மூடிவிடும் என்பதால் அங்கே இது பலிக்காது.

முதல் வரியில் > போடாமல் >> போட்டதைக் கவனித்தீர்களா? ஒற்றை > போட்டால் கோப்பைத் திறக்கும்போதே அது காலியாகிவிடும், பூட்டு கிடைக்குமா என்று கேட்பதற்கு முன்பே. ஏற்கனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது தெரியாமல் இரண்டாவது தடவை தொடங்கினால், இரண்டாவது பூட்டு கிடைக்காமல் ஒழுங்காக வெளியேறும். ஆனால் போகிற போக்கில் முதலாவதன் எண்ணை அழித்துவிட்டுப் போகும். இதன் அண்ணன் ஒருவன் இருக்கிறான்: வெளியேறும்போது கோப்பை அழிக்கச் சொல்லும் ட்ராப் வரியைப் பூட்டு வாங்குவதற்கு முன்னால் எழுதுவது. பூட்டு கிடைக்காமல் வெளியேறும் இரண்டாவது ஸ்கிரிப்ட், ட்ராப்பின்படி முதலாவதன் கோப்பை அழித்துவிடும். மூன்றாவது ஒன்று வந்தால் அது புதுக் கோப்பு உண்டாக்கி, அதைப் பூட்டி, நிம்மதியாக ஓடத் தொடங்கும். முதலாவது, பெயர் அழிந்த பழைய கோப்பின் பூட்டைப் பிடித்தபடி இன்னமும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு பேர், இரண்டு பூட்டு, ஒரே பெயர். இதைத் தவிர்க்க, பூட்டு வாங்கியபிறகு கையிலிருக்கும் கோப்பும் அந்தப் பெயரில் இருக்கும் கோப்பும் ஒரே ஐநோடுதானா (பெயருக்குப் பின்னால் இருக்கும் கோப்பின் உண்மையான அடையாளம்) என்று ஒப்பிடலாம். நான் அவ்வளவு தூரம் போவதில்லை. பூட்டுக் கோப்பை அழிக்கவே மாட்டேன். கிடந்துவிட்டுப் போகட்டும்.

பூட்டுக்கும் எல்லை உண்டு. பழைய பாணி டீமன்கள் தொடங்கியதும் திறந்திருக்கும் எல்லாக் கோப்புகளையும் மூடும் பழக்கம் உள்ளவை. அதோடு பூட்டும் போய்விடும். மறுபுறம், உங்கள் புரோகிராம் பெற்ற பிள்ளைகளும் அந்த 9-ஐ வாரிசாக வாங்கிக்கொள்ளும். புரோகிராம் செத்து, அது தொடங்கிய ஏதோ ஒரு ஸ்லீப் மட்டும் மிச்சமிருந்தாலும் பூட்டு அவிழாது. பிள்ளைகளும் சாகும்வரை புதிதாகத் தொடங்கக்கூடாது என்பது உங்கள் தேவையானால் அது நல்லதே. இல்லாவிட்டால் பிள்ளைகளைத் தொடங்கும் வரியில் 9>&- சேர்த்து மூடிவிட வேண்டும். சி நிரல் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: ஃப்ளாக் பூட்டும் எஃப்சிஎன்டிஎல் பூட்டும் வேறு வேறு. இரண்டாவது வகை ஃபோர்க்கைத் தாண்டி வராது. அதோடு, அதே கோப்பை உங்கள் ப்ராசஸில் வேறொரு நூலகம் திறந்து மூடினாலும் பூட்டு அவிழ்ந்துவிடும். ஃப்ரீபிஎஸ்டியில் இந்த வேலையை எல்லாம் செய்துதர பிட்ஃபைல்_ஓப்பன் முதலான அழைப்புகள் தயாராகவே இருக்கின்றன. ஷெல்லிலிருந்து செய்ய அங்கே டீமன் என்ற கட்டளை உண்டு. -பி ஆப்ஷனில் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதுவே எழுதிக்கொள்ளும்.

பெரிய மென்பொருள்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்ப்பது சுவாரசியம். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் தரவு அடைவில் போஸ்ட்மாஸ்டர்.பிட் என்று ஒரு கோப்பு வைத்திருக்கிறது. முதல் வரியில் எண், அடுத்து அடைவின் பெயர், தொடங்கிய நேரம், போர்ட் என்று போகும். தொடங்கும்போது பழைய கோப்பு கிடந்தால், அதிலுள்ள எண் தன்னுடையதா, தன் தாயுடையதா, பாட்டியுடையதா என்று பார்க்கும். மூன்றில் ஒன்றானாலும் அது பழைய சீட்டு என்று ஒதுக்கிவிடும். ஏன் பாட்டிவரை? இயந்திரம் மறுபடி எழும்போது எண்கள் ஒன்றிரண்டு தள்ளி விழும், பழைய எண் தன்னைத் தொடங்கிய ஷெல்லுக்கே போயிருக்கலாம் என்பதால்தான். அதோடும் விடாமல், பகிர்நினைவகத் துண்டு ஒன்றையும் இரண்டாவது சாட்சியாக வைத்துக்கொள்கிறது. இப்படி யோசிக்காத மென்பொருள்களின் கதை, புரோகிராம்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளில் ஓட்டும் டாக்கர் வந்தபிறகு வெளிச்சத்துக்கு வந்தது. கன்டெய்னருக்குள் எண்கள் 1-இலிருந்து தொடங்கும், முக்கியப் புரோகிராம்தான் 1. வெளியிலிருந்து இணைத்த அடைவில் அது தன் பிஐடி கோப்பில் 1 என்று எழுதும். கன்டெய்னர் திடீரென்று செத்து மறுபடி எழுந்தால் கோப்பில் 1 இருக்கிறது, 1 என்ற ப்ராசஸும் உயிரோடு இருக்கிறது. அது தானேதான் என்று தெரியாமல் ‘ஏற்கனவே ஒரு சர்வர் ஓடுகிறது’ என்று வெளியேறிவிடும். வலைச் செயலி எழுத உதவும் ரெயில்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு டிஎம்பி/பிட்ஸ்/சர்வர்.பிட் என்ற பெயரைச் சொன்னாலே போதும், புரிந்துவிடும்.

பாதுகாப்பு பற்றியும் கொஞ்சம். ரூட்டாக ஓடும் ஸ்கிரிப்ட், சாதாரணப் பயனர் எழுதக்கூடிய பிஐடி கோப்பைப் படித்து கில் கொடுத்தால், அந்தப் பயனர் தனக்கு வேண்டிய எண்ணை அதில் எழுதி ரூட்டின் கையாலேயே யாரை வேண்டுமானாலும் கொல்லலாம். எண் 0 என்றால் சிக்னல் ஸ்கிரிப்டின் சொந்தக் குழுவுக்கே போகும். கில் -டெர்ம் என்று எழுதி, கோப்பில் -1 இருந்துவிட்டால், அனுப்ப அனுமதியுள்ள ஏறக்குறைய எல்லாப் ப்ராசஸுக்கும் போகும். ரூட்டுக்கு அது எவ்வளவு பெரிய பட்டியல் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே படித்ததில் இலக்கம் மட்டும்தான் இருக்கிறதா, 1-ஐவிடப் பெரியதா என்று பார்க்காமல் கில் கொடுக்காதீர்கள். /டிஎம்பி-யில் பிஐடி கோப்பு வைக்கவே வைக்காதீர்கள்.

எண்ணோடு இன்னொரு அடையாளத்தையும் சேர்த்து எழுதிவைக்கலாம்: ப்ராசஸ் தொடங்கிய நேரம். லினக்ஸில் /ப்ராக்-இன் கீழ் அந்த எண்ணுக்குரிய அடைவில் ஸ்டாட் என்ற கோப்பின் 22-ஆவது புலம் அது. இயந்திரம் எழுந்ததிலிருந்து எத்தனை கடிகாரத் துடிப்பு கழிந்து ப்ராசஸ் தொடங்கியது என்று சொல்லும். எண்ணும் இதுவும் இரண்டும் பொருந்தினால் அதே ஆள்தான் என்று நடைமுறையில் நம்பலாம். ஆனால் 22 வரை இடைவெளியை வைத்து எண்ணாதீர்கள். இரண்டாவது புலம் புரோகிராமின் பெயர், அதற்குள்ளேயே இடைவெளியும் அடைப்புக்குறியும் வரலாம். கடைசி மூடும் அடைப்புக்குறியைத் தேடிப் பிடித்து, அதற்குப் பிறகு எண்ணுங்கள். இவ்வளவு பார்த்தாலும், சோதித்ததற்கும் கில் கொடுத்ததற்கும் இடையிலுள்ள கண்ணிமைக்கும் நேரத்தில் ஆள் மாறிவிட வாய்ப்பு, மிகச் சிறியதாக, இருக்கத்தான் செய்கிறது. அதை அடைக்கத்தான் லினக்ஸில் பிட்எஃப்டி (ப்ராசஸைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கைப்பிடி) வந்தது. 2019-இல் 5.1 கெர்னலில் அதன் வழியே சிக்னல் அனுப்பும் அழைப்பும், 5.3-இல் ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸுக்கு அதைத் திறக்கும் அழைப்பும் சேர்ந்தன. கையில் பிடித்திருக்கும்வரை அது அந்தப் ப்ராசஸை மட்டுமே குறிக்கும், எண் யாருக்குப் போனாலும் கவலையில்லை. ஆனால் அதைக் கோப்பில் எழுதிவைக்க முடியாது. மறுபடி யாரோ ஒருவர் உயிரோடு இருந்து பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அந்த ‘யாரோ ஒருவர்’ வேலையைத்தான் டீமன்டூல்ஸ், ரன்இட், சிஸ்டம்டி, மேக்ஓஎஸின் லான்ச்டி எல்லாம் செய்கின்றன. தாய் சாவதில்லை, கூடவே இருந்து பிள்ளையைக் கவனிக்கிறது. உங்களிடம் சிஸ்டம்டி இருப்பதாகத் தெரிகிறது. உங்கள் இடத்தில் நான் இருந்தால் நோஹப்பையும் கோப்பையும் சேர்த்தே விட்டுவிட்டு, பயனர் சேவையாக ஒரு யூனிட் கோப்பு (சேவையை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்வது) எழுதி, வகை சிம்பிள் என்று கொடுத்து, முன்னணியில் ஓடவிடுவேன். நிறுத்து என்றால் அது பெற்ற பிள்ளைகளையும் சேர்த்து நிறுத்தும். நீங்கள் வெளியேறியபிறகும் ஓடவேண்டுமென்றால் லாகின்சிடிஎல்-இல் லிங்கர் என்பதை ஒருமுறை இயக்கிவைக்க வேண்டும். புரோகிராம் தானே ஃபோர்க் செய்யும் பிடிவாதக்காரன் என்றால் வகை ஃபோர்க்கிங் என்று கொடுத்து, பிட்ஃபைல் வரியில் அதன் கோப்பைக் காட்டலாம். அப்போது பதிவில் ‘பிஐடி கோப்பைத் திறக்க முடியவில்லை (இன்னும்?)’ என்ற பொருளில் ஒரு வரி அடிக்கடி வரும். அந்தக் கேள்விக்குறி குழப்பத்தில் போட்டதல்ல: தாய் வெளியேறிவிட்டது, ஆனால் பிள்ளை இன்னும் கோப்பை எழுதவில்லை என்று அர்த்தம். எழுதியபிறகுதான் தாய் போகவேண்டும் என்ற ஒழுங்கைப் பல டீமன்கள் கடைப்பிடிப்பதில்லை.

எதையும் மாற்றுவதற்கு முன், அடுத்த தடவை ‘ஏற்கனவே ஓடுகிறது’ என்று வரும்போது கோப்பை அழித்துவிடாமல் ஒரு காரியம் செய்யுங்கள். எல்எஸ் -எல் போட்டு பிஐடி கோப்பு எப்போது எழுதப்பட்டது என்று பாருங்கள். பிறகு அதிலுள்ள எண்ணைக் கொடுத்து பிஎஸ் -ஓ எல்ஸ்டார்ட்,கமான்ட் -பி என்று ஓட்டினால், இப்போது அந்த எண்ணில் இருக்கும் ப்ராசஸ் எப்போது தொடங்கியது, யார் என்பது வரும். ப்ராசஸ் தொடங்கிய நேரம் கோப்பு எழுதப்பட்ட நேரத்துக்குப் பிந்தியது என்றால் அறையில் வேறு ஆள் வந்துவிட்டார். முந்தியது என்றால் எண் கைமாறவில்லை. அங்கே இருப்பது டீயோ சூடோவோ துணை ஷெல்லோ, கட்டளைப் பெயரே காட்டிக்கொடுத்துவிடும்.